காலியாகாத சோப்புக் குப்பி

காலை ஆறு மணிக்குச் சற்று முன்பாக, முதியோர் இல்லத்தின் பின்வாசலில் மாட்டியிருக்கும் வருகைப்பதிவுப் பெட்டியின்மீது அக்கா தம் வலக்கைப் பெருவிரலை வைப்பார். பெட்டி சிவந்து ஒளிர்ந்து, மறுபடி முயலச் சொல்லும். சுட்டுவிரலை வைப்பார். மறுபடியும் அதே சிவப்பு. பத்து விரல்களையும் ஒரு சுற்றுக் காட்டி ஓய்ந்தபின், வாயிற்காவலர் நோட்டுப் புத்தகத்தை நீட்டுவார்.

"கையெழுத்தைப் போட்டுட்டுப் போங்கக்கா. அந்தப் பெட்டிக்கு உங்களை யாருன்னே தெரியல."

"இருபத்திரண்டு வருஷமா வர்றேன். நேத்து வந்த பெட்டிக்கு என்னைத் தெரியலைன்னா அது அதோட தலையெழுத்து."

இருபத்திரண்டு ஆண்டுகளாக நாளொன்றுக்கு ஐம்பது, அறுபது முறை கழுவிக் கழுவி அவர் விரல்களில் ரேகை தேய்ந்திருந்தது. குளிர் நாட்களில் விரல் மடிப்புகள் வெடித்துச் சோப்பு பட்டதும் எரியும். உடன் பணிபுரிவோர் அவருக்கு ஈரக்கை என்று பெயர் வைத்திருந்தனர். முகத்துக்கு நேரே அக்கா; முதுகுக்குப் பின்னே ஈரக்கை. அது அவருக்கும் தெரியும். கேட்டும் கேளாதவர்போல் இருந்துவிடுவார். ஐம்பத்து நான்கு வயதில் ஒரு பெயருக்காகச் சண்டையிட உடம்பில் தெம்பில்லை.

அவர் பிறந்த வீட்டில் உண்போர் எண்மர், உழைப்பவர் ஒருவர். 'இல்லை' என்ற சொல்லை அவ்வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லலாகாது என்பது தாயின் கட்டளை. ஆகவே எந்தப் பாத்திரமும் அங்கே அடி தெரியும்படி விடப்பட்டதில்லை. பால் குறைந்தால் நீர், குழம்பு குறைந்தால் நீர், மைக்கூட்டில் மை குறைந்தால் நீர், துணிக்கான சோப்புக் கரைசல் குறைந்தால் அதற்கும் நீர். சுவை குன்றினாலும் நிறம் வெளிறினாலும் கலம் மட்டும் நிறைந்தே நிற்கும். தீரும் முன்னே நிரப்புதல் என்னும் அந்த ஒழுக்கம் அக்காவின் கையோடு பிறந்த கைபோல் ஆயிற்று.

கை கழுவும் ஒழுக்கம் பிற்பாடு வந்தது. மணமான நான்காம் ஆண்டில் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். மூன்று மாதத்தில் முதுகின் அடியில் படுக்கைப்புண் கண்டது. புண் உள்நோக்கி அரித்தது. ஒருநாள் காய்ச்சல் ஏறி, மறுநாள் எல்லாம் முடிந்தது. மருத்துவமனையில் இருந்த நர்ஸ் ஒருத்தி, எவரையும் பாராமல், "தொட்ட கை சுத்தமா இருந்திருந்தா பொழச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். யார் கை என்று அவள் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அவ்வீட்டில் மாமியாரைத் தொட்ட கை ஒன்றே ஒன்றுதான்.

அதன்பிறகுதான் அக்கா முதியோர் இல்லத்தில் பணிக்குச் சேர்ந்தார். சேர்ந்த நாள் முதலாக, ஒரு படுக்கையிலிருந்து மறு படுக்கைக்குப் போகும் பத்தடி தூரத்தில் கை கழுவும் தொட்டி குறுக்கிடாமல் அவர் போனதில்லை.

"உன் கையைப் பாத்தா ரேகை ஜோசியக்காரன் ஓடிப்போயிடுவான்" என்பார் கணவர். அச்சகத்தில் நாற்பதாண்டு நின்று முதுகு வளைந்து, இப்போது சாய்வு நாற்காலியே உலகமாகக் கிடப்பவர்.

"அவன் ஓடுனா ஓடட்டும். இனிமே எனக்கு என்ன நடக்கப் போகுதுன்னு எனக்கே தெரியும்" என்பார் அக்கா. "காலையில ஆறு மணிக்கு வேலை."

இல்லத்தின் மேற்கு அறையில் பத்துப் படுக்கைகள். அவற்றுள் ஏழாம் படுக்கை ஓய்வுபெற்ற தலைமையாசிரியையுடையது. சர்க்கரை நோய் முற்றிய உடம்பு. இடக்காலின் பெருவிரலடியில் நாணயம் அளவு ஒரு புண். உணர்ச்சி குறைந்த கால் ஆதலால் அது எப்போது வந்ததென்று அவருக்கே தெரியாது. ஆயினும் ஊன்றுகோலும் ஒரு தோளும் கிடைத்தால் கழிவறைவரை நடந்துபோய் வருவார். படுக்கைக்கே பாத்திரம் கொண்டுவருகிறோம் என்றால் சீறுவார்.

"சொந்தக் காலால நடந்து கக்கூஸுக்குப் போறது ஒண்ணுதான் எனக்கு மிச்சமிருக்கிற சுயராஜ்யம். அதையும் பிடுங்காதீங்க."

நாள்தோறும் காலை ஏழு மணிக்கு அந்தக் காலை அக்கா கழுவுவார். வெதுவெதுப்பான நீரில், சுவரிலுள்ள குப்பியிலிருந்து இரண்டு அழுத்துச் சோப்பு எடுத்து, விரலிடுக்குகளையும் குதிகாலையும் புண்ணின் விளிம்பையும் பூவைத் தொடுவதுபோல் தொட்டுக் கழுவி, ஒற்றியெடுத்து, கட்டுப் போட இல்லத்து நர்ஸிடம் ஒப்படைப்பார். திருவடியைப் பாடித் துதித்தவர் நம் மொழியில் எண்ணிறந்தோர். அவ்வடியார் வணங்கிய அன்புக்கு இவர் கழுவிய அன்பு குறைந்ததென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பின்வருவன எல்லாம் அந்த அன்பினாலேயே விளைந்தன என்பதுதான் இக்கதையின் துயரம்.

இரண்டு மாதம் முன்பு, ஒரே வாரத்தில், மேற்கு அறைக்குப் புதியவை இரண்டு வந்தன. ஒன்று, சுவரில் திருகி மாட்டிய பெரிய வெள்ளைக் குப்பி. அதுவரை சிறு புட்டிகள் வரும், தீர்ந்ததும் எறிந்துவிடுவார்கள். இதுவோ கீழே அழுத்தினால் சோப்பு தரும், மேலே மூடி, உள்ளே எவ்வளவு இருக்கிறதென்று வெளியே தெரியாது. மாதம் ஒருமுறை ஒரு கேன் சோப்பு பண்டக அறையிலிருந்து வரும். மற்றொன்று, புதிய பணியாளர். நாற்பது வயது, பேருந்தில் நடத்துநராக இருந்து, அந்த வண்டித்தடம் நிறுத்தப்பட்டதால் வேலையிழந்து வந்தவர். முதல் நாளே சக்கர நாற்காலியைத் தள்ளும்போது "ரைட், போலாம்!" என்று குரல் கொடுத்தபடியால் எல்லோருக்கும் அவர் கண்டக்டர் ஆனார்.

பத்துப் படுக்கைகளில் ஆறு அக்காவுக்கு, நான்கு கண்டக்டருக்கு. ஆனால் புரட்டிப் படுக்கவைக்கவும் தூக்கி உட்காரவைக்கவும் பலம் வேண்டும் ஆதலால், கண்டக்டர் கை எல்லோர்மேலும் பட்டது.

மூன்றாம் வாரத்தில் மூன்றாம் படுக்கைப் பெரியவரின் படுக்கைப்புண் பச்சைநிறச் சீழ் கட்டியது. ஐந்தாம் படுக்கை மூதாட்டிக்குச் சிறுநீர்க் குழாய் வழியே காய்ச்சல் வந்தது. பின் ஒரு காலையில், தலைமையாசிரியையின் கட்டைப் பிரித்தபோது அதே பச்சை. மூக்கைத் திருப்பச் செய்யும் அதே இனிப்பு கலந்த வாடை. மருத்துவர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மருந்து கேட்காவிட்டால் விரல்கள் போகும். அப்போதும் கேட்காவிட்டால் கணுக்கால்வரை போகும் என்றார்.

அக்கா அன்றிலிருந்து மேலும் கழுவினார். முன்பு ஒருமுறை கழுவிய இடத்தில் இருமுறை. கேன் பாதி மாதத்திலேயே வற்றியது. குப்பியில் சோப்பு இழுபடத் தொடங்கும் ஓசை கேட்டால் அவருக்கு நெஞ்சு பதறும். உடனே, குப்பி வந்த முதல் வாரத்திலிருந்தே செய்துவந்ததுபோல், மூடியைத் திறந்து அரைக் குவளைக் குழாய்நீர் ஊற்றிக் குலுக்கிவிடுவார். அந்தக் குப்பி மாட்டிய நாள் முதல் ஒருமுறையும் காலியானதில்லை. அதை ஒரு குறையாக அல்ல, தம் பொறுப்பின் அடையாளமாகவே அவர் எண்ணியிருந்தார்.

மேலாளர் அழைத்து விசாரித்தபோது, அக்கா தாம் கண்டதைச் சொன்னார்.

"கண்டக்டர் கை கழுவுறதே இல்லை சார். ரெண்டு மாசமா பாக்குறேன், அந்தச் சோப்பு பாட்டில்ல கையே வெச்சதில்லை. பேசின் பக்கமே போறதில்லை."

"அவர் வந்த பிறகுதானேம்மா இதெல்லாம்?"

"அவர் வந்த பிறகுதான் சார்."

அவர் கண்ணால் கண்டவரை எல்லாம் உண்மையே. மேலாளர் கண்டக்டரை வரும் சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொன்னார். கண்டக்டருக்கு வீட்டில் பேசவியலாத தங்கை ஒருத்தி. அவளுக்கு இவர் ஒருவரே துணை. அவர் வாதாடவில்லை. "ஸ்டாப் வந்துடுச்சுன்னா இறங்க வேண்டியதுதான் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய், நான்காம் படுக்கைக்காரரைப் புரட்டிப் படுக்கவைத்தார்.

செவ்வாய்க்கிழமை சுகாதாரத் துறையிலிருந்து ஒரு நர்ஸ் வந்தார். கட்டில் கம்பி, குவளை, குழாய்முனை, கதவுக் கைப்பிடி என்று ஒவ்வொன்றிலும் பஞ்சுக்குச்சியால் தொட்டெடுத்துச் சிறு குழல்களில் அடைத்தார். சோப்புக் குப்பியின் முன் நெடுநேரம் நின்றார். உள்ளங்கையில் ஒரு சொட்டு எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது கடைசியா எப்போ காலியாச்சு?"

"எங்க இல்லத்துல சோப்பு காலியானதா சரித்திரமே கிடையாது மேடம்" என்றார் மேலாளர் பெருமிதத்தோடு.

"யாராவது தண்ணி கலக்குறீங்களா?"

"சேச்சே!"

தரை துடைக்கும் வாளியோடு அக்கா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். வாய் திறக்க வந்தது. அந்தச் 'சேச்சே' அதை மூடிவிட்டது. தாம் செய்தது ஒரு குற்றமாக இருக்கக்கூடும் என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"எதுக்குக் கேக்குறேன்னா" என்று நர்ஸ் பொதுவில் சொன்னார், "தண்ணி சேந்தா சோப்போட வீரியம் போயிடும். பழசு மேலயே புதுசை ஊத்திக்கிட்டே இருந்தா அடியில கிடக்கிறது என்னைக்குமே வெளிய வராது. கிருமி அதுலயே குடும்பம் நடத்தும். அப்புறம் கழுவக் கழுவத்தான் கை அழுக்காகும். ரிசல்ட் சனிக்கிழமை வரும்."

அன்று பிற்பகல், அழுக்குத் துணிமூட்டையைச் சுமந்து அக்கா கொல்லைப்புறம் போனார். அங்குள்ள குழாயடியில் கண்டக்டர் குந்தியிருந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்து, உள்ளிருந்த சோப்புக்கட்டியால் முழங்கைவரை நுரை தேய்த்து, உதடு அசைய எண்ணிக்கொண்டே கழுவினார். முப்பது எண்ணும்வரை விடவில்லை.

"இங்கயா கழுவுறீங்க?"

"ஆமாக்கா. அந்தப் பாட்டில் சோப்பு எனக்கு ஆகல. மொத நாளே கை பூரா அரிப்பு. அதான் வீட்லேர்ந்து எடுத்துட்டு வர்றேன்."

"ஒவ்வொரு தடவையும் இங்கயா?"

"பஸ்ல ஒரு நாளைக்கு எட்டு தடவை முன்னாடியும் பின்னாடியும் நடந்தவன் நானு. இது என்ன தூரம்?" சிரித்தவர் உடனே சிரிப்பை நிறுத்தினார். "நான் கழுவுறதில்லைன்னு யாரோ சொல்லியிருக்காங்க. யாருன்னு நான் கேக்கல. கேட்டு என்ன ஆகப் போகுது?"

அக்கா மூட்டையை இறக்கி அதன்மேலேயே உட்கார்ந்தார். மூன்றாம் படுக்கை, ஐந்தாம் படுக்கை, ஏழாம் படுக்கை: மூன்றும் தம் படுக்கைகள். கண்டக்டரின் நான்கு படுக்கைகளில் இரண்டு பேருக்குப் புண் இருந்தது, இரண்டும் ஆறிக்கொண்டிருந்தன. பத்துப் பேரையும் தொட்ட கை அவருடையது. ஆனால் நோய் வந்ததோ குப்பியைத் தொட்ட கை போன வழியில்.

வீடு திரும்பும் பேருந்தில் நிற்க இடம் கிடைத்தது. வீட்டில் குளியலறைச் சோப்புப் புட்டி கடைசிச் சொட்டை இழுத்துக்கொண்டிருந்தது. அக்கா குழாயைத் திறந்தார், மூடினார்.

"என்ன, இன்னைக்குத் தண்ணி ஊத்தல?" என்றார் கணவர்.

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். கணவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"சொன்னா வேலை போகும். சொல்லலைன்னா தூக்கம் போகும். உனக்கு எது இல்லாம இருக்க முடியும்னு நீயே பாத்துக்க."

"தூக்கம் இப்பவே ஒண்ணும் வாழல."

"அப்போ வேலைய விட்டா பகல்லயாவது தூங்கலாம்."

"உங்க பக்கத்துலயா? நீங்க விடுற குறட்டைக்கு ஆஸ்பத்திரியே தேவலாம்."

மறுநாள் காலை பெட்டி அவரை அடையாளம் காணவில்லை. நோட்டில் கையெழுத்திட்டுவிட்டு, மேற்கு அறைக்குச் சென்று, குப்பியைச் சுவரிலிருந்து கழற்றி, இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார். மேசைமேல் வைத்தார்.

"இதுல தண்ணி கலந்தது நான்தான் சார். ரெண்டு மாசமா. ஒரு நாள்கூட காலியாக விட்டதில்லை."

மேலாளர் கதவைப் பார்த்தார். எழுந்து சாத்திவிட்டு வந்தார்.

"ரிசல்ட்டே வரலையேம்மா. அதுக்குள்ள நீங்களா வந்து ஏன் தலையைக் குடுக்குறீங்க? அந்த ஆளுதான் போறான்ல?"

"மணி ஏழாகப் போகுது சார். டீச்சர் காலை இன்னைக்கு எதால கழுவட்டும்?"

மேலாளர் குப்பியின் மூடியைத் திருகிப் பார்த்தார்.

"கண்டக்டர் கை கழுவுறதில்லைன்னு சொன்னதும் தப்பு. அவர் பின்னால குழாயடியில கழுவுறாரு. பாக்காம சொல்லிட்டேன். ரெண்டையும் எழுதித் தர்றேன்."

எழுதிக் கொடுத்தார். வெடித்த விரல்களால் எழுத அரைமணி ஆயிற்று. சுகாதாரத் துறை நர்ஸுக்கு மேலாளர் தொலைபேசியில் சொன்னதும், முடிவு வருமுன்பே மருத்துவர் மருந்தை மாற்றினார். சனிக்கிழமை வந்த தாள் அதையே சொல்லிற்று: புண்ணில் இருந்த கிருமியும் குப்பியில் இருந்த கிருமியும் ஒன்று.

ஆனால் அந்தத் தாளுக்கு முன்பே, புதன்கிழமை காலை எழுதிக் கொடுத்த கையோடு, அக்கா ஏழாம் படுக்கையின் அருகே போய் நின்றார். தாமே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொன்னார். தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏன் தண்ணி ஊத்தினே?"

"தீந்துடக்கூடாதுன்னு, டீச்சர்."

"தீந்தா என்ன ஆயிருக்கும்?"

"புதுசு கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கலாமே."

"எங்க வீட்ல கேட்டுப் பழக்கமில்லை."

தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"உன்மேல கோவம் இல்லைன்னு சொன்னா அது பொய். இன்னைக்குக் கண்டக்டர் கழுவட்டும்."

கண்டக்டரின் வேலை நிலைத்தது. அவரது சோப்பு டப்பாவைத் திறந்து பார்த்த சுகாதாரத் துறை நர்ஸ், தேங்கிய நீரில் ஊறும் கட்டியும் ஆகாது என்று அதையும் குப்பையில் போட்டார். "டிக்கெட் எடுத்துட்டு ஏறுனதுக்கும் ஃபைனா மேடம்?" என்றார் கண்டக்டர். பிறகு அக்காவிடம் வந்தார்.

"ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடியே என்னை இறக்கிவிடப் பாத்தீங்களேக்கா."

"பாத்தேன்" என்றார் அக்கா. "மன்னிச்சுக்கங்க."

"விடுங்க. உங்களுக்கும் இங்கதான் சீட்டு, எனக்கும் இங்கதான் சீட்டு. பக்கத்துப் பக்கத்துல உக்காந்து முறைச்சுக்கிட்டா பயணம் முடியுமா?"

அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று; இரண்டு மாதம் துணி வெளுக்கும் அறை. அங்கே கொதிநீரிலும் ஆவியிலும் நாட்கள் கழிந்தன. தலைமையாசிரியைக்கு இரு விரல்கள் போயின, கணுக்கால் தப்பியது. மூன்றாம் படுக்கைப் பெரியவர் தேறினார். ஐந்தாம் படுக்கை மூதாட்டி அடுத்த மாதம் இறந்தார். மருத்துவர் இதயம் என்றார். அக்கா இம்முறை கேட்டார்.

"அந்தச் சோப்பாலயா டாக்டர்?"

"வயசும்மா, இதயமும் பலவீனம்." மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் வைத்தார். "அந்தக் காய்ச்சலும் நல்லது பண்ணல."

அக்கா தலையசைத்தார். கேட்டது சுமையைக் குறைக்கவில்லை. அதன் எடையைத் தெரிவித்தது, அவ்வளவே.

மேற்கு அறைக்குத் திரும்பிய முதல் காலை, சுவரில் பெரிய குப்பி இல்லை. மறுபடி நிரப்பவியலாத சிறு புட்டிகள்; ஒவ்வொன்றிலும் திறந்த நாள் எழுதிய ஒட்டுத்தாள். ஜன்னலோரம் கண்டக்டர் தோளைப் பற்றியபடி தலைமையாசிரியை கழிவறையிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார். "மெதுவா, மெதுவா, வளைவு வருது" என்று கண்டக்டர் வழிசொல்லிக்கொண்டே வந்தார். கட்டிலில் அமர்ந்ததும் தலைமையாசிரியை அக்காவைப் பார்த்தார்.

"கை கழுவிட்டியா?"

"கழுவிட்டேன், டீச்சர்."

"எதுல?"

"புதுப் பாட்டில். திங்கக்கிழமை திறந்தது."

தலைமையாசிரியை எழுந்துபோய்ச் சரிபார்க்க விரும்பியவர்போல் தொட்டிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பின் போர்வையை விலக்கி, மூன்று விரல்கள் எஞ்சிய காலை நீட்டினார். அக்கா கையுறை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

அன்று பணி முடியும் வேளையில் புட்டியை அழுத்தினார். அது கரகரத்து, காற்றைத் துப்பி, ஒரு சொட்டோடு நின்றது. அந்த ஓசைக்கு நெஞ்சு பழையபடி பதறியது. கை குழாயை நோக்கி ஒரு விரற்கடை நகரவும் செய்தது. அக்கா கையை இழுத்துக்கொண்டார். புட்டியை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, பண்டக அறைக்கு நடந்தார். கால் வலித்தது. அறை பூட்டப்பட இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

"சோப்பு தீந்துபோச்சு" என்றார் அவர், உரக்கவே. "புதுசு ஒண்ணு குடுங்க."